காரணம்: சித்திரங்கள் பார்க்க

எங்கள் அலுவலகத்தில் விடுப்புக் கடிதங்களுக்கென்று ஒரு தனிக் கோப்பு உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், பொழுது போகாத பிற்பகல்களில், நான் அதைக் கதைப்புத்தகம் போல எடுத்து வைத்து வாசிப்பேன். பன்னிரண்டே பேர் இருக்கிற ஓர் அரசு அலுவலகத்துக்கு இத்தனை வயிற்றுப்போக்கு எப்படி வாய்த்தது என்று எந்த வைத்தியரும் மிரண்டுபோவார். ஆடித்தபசுத் திருவிழா அன்று பத்துப் பேருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரே சமயத்தில் விட்டிருக்கிறது. இந்த நோயாளிகளுக்கு நடுவில், குண்டு குண்டான கையெழுத்தில், ஒருவருடைய கடிதங்கள் மட்டும் தனியாகத் தெரியும். 'வெள்ளி, சனி ஆகிய இரு நாட்கள் தற்செயல் விடுப்பு வேண்டுகிறேன். காரணம்: சென்னையில் சித்திரங்கள் பார்க்க.' மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம். வருஷக்கணக்காக அதே வாசகம், ஓர் எழுத்து கூடாமல் குறையாமல்.

அவர் எங்கள் தலைமை எழுத்தர். எழுபதுகளின் நடுவில் அவருக்கு ஐம்பதை ஒட்டி வயது இருக்கும், எனக்கு இருபத்தைந்து. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சங்கரன்கோவிலில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் அதே மேஜை, அதே பல்லி, அதே நான்.

அதிகாரி ஒருமுறை அவரைக் கூப்பிட்டுக் கெஞ்சியே பார்த்தார். "அண்ணாச்சி, வயித்துவலின்னு எழுதிக் குடுத்தீகன்னா என் பேனா தானா கையெழுத்துப் போட்டுரும். இதுல நான் என்னன்னு போட? மேல இருந்து ஆய்வுக்கு வாரவன் பாத்தா என்னைய இல்ல கேப்பான்?"

"எனக்கு வயித்துவலி இல்லையே சார்."

"யாருக்குத்தான் இருக்கு?"

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நின்றார். நிற்பதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கோப்பிலேயே உண்மையான கடிதங்கள் அவருடையவை மட்டும்தான். ஊரில் யாரும் நம்பாத கடிதங்களும் அவைதான்.

நம்பாததற்கு ஊர் மீது மட்டும் பழி போட முடியாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மெட்ராஸ் போகிறார் என்றால் அவர் தனியாகப் போவதில்லை. தெருவே அவர் கையில் ஏறிப் போகும். மகனுக்கு முறுக்கு, மருமகளுக்குக் கோயில் புற்றுமண், பேரனுக்கு அரைஞாண் கயிறு என்று பொட்டலங்கள் முந்தின நாளே வந்து சேரும். போனவர் நாலு வீடு ஏறி இறங்கி, சித்தப்பா வீட்டில் படுத்து, பெரியப்பா வீட்டில் சாப்பிட்டு, யார் வீட்டில் குழம்பு நீர்த்துப்போயிருந்தது என்பதுவரை ஊருக்கு வந்து சொல்ல வேண்டும். மெட்ராஸ் என்பது எங்களுக்கு ஓர் ஊர் இல்லை, சொந்தக்காரர்களைப் பரப்பி வைத்திருக்கிற இடம்.

இவர் ஒரு பொட்டலமும் வாங்க மாட்டார். அடுத்த வீட்டு அம்மாள் பையோடு வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

"பெரியவன் சூளைமேட்டுலதான் இருக்கான் அண்ணாச்சி. ஒரு எட்டு போயி இதைக் குடுத்துட்டா..."

"நான் மெட்ராஸுக்குப் போகலையே தாயி."

"பொறவு? ரயிலு டிக்கெட்டு எடுத்துருக்கதா மதினி சொன்னாவளே."

"சித்திரம் பாக்கப் போறேன். அது மெட்ராஸுல இருக்கு, அவ்வளவுதான்."

மாம்பலத்தில் மனைவியின் சொந்தச் சித்தப்பா மாடிவீடு கட்டிக் குடியிருக்க, இவர் எழும்பூரில் ஒரு சந்துக்குள் லாட்ஜில் அறை எடுப்பார். ஒருவன் குடித்தாலும் கடன்பட்டாலும் மன்னிக்கிற மனசு எங்கள் ஊருக்கு உண்டு. சொந்தக்காரர் வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்குகிறவனை மன்னிக்கிற மனசு கிடையாது. வருஷத்துக்கு நாலு தடவை போகிறார். கூட யாரையும் கூட்டிப் போவதில்லை. அங்கே இருக்கிற நம் ஆட்கள் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. இதற்கு ஊர் கண்டுபிடித்த விடை ஒன்றே ஒன்று: அங்கே ஒருத்தி இருக்கிறாள்.

கூட ஆள் சேர்க்காததற்கு அவர் சொன்ன காரணம் எனக்குத் தெரியும். நானே ஒருதரம் கேட்டேன், "நானும் வரட்டுமா அண்ணாச்சி?" என்று. "கூட ஒரு ஆளு வந்தா பாதிக் கண்ணு அவன் மேலயே இருக்கும் தம்பி. அவனுக்குக் காலு வலிக்கோ, பசிக்கோன்னு. மீதிப் பாதிக் கண்ணுல என்னத்தைப் பாக்க?" என்றார். எனக்கு மெட்ராஸ் பார்க்கும் ஆசைதான், சித்திர ஆசை இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஊருக்குள்ளும் அவர் கண் சுவரில்தான். மோவாய் எப்போதும் இரண்டு அங்குலம் தூக்கியே இருக்கும். சுவர் பார்த்துக்கொண்டே போய் நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்களைச் சாய்த்திருக்கிறார். தேர்தல் வந்துவிட்டால் அவருக்குக் கண்காட்சி. சுவரில் சின்னம் எழுதுகிறவன் ஏணிக்குக் கீழே போய் நிற்பார். "கை நல்ல கை. கட்சிதான் சொல்லும்படியா இல்ல" என்று எல்லாக் கட்சிக்காரனிடமும் சொல்லி, எல்லாக் கட்சிக்கும் ஆகாதவரானார். சுவரொட்டி ஒட்டப் பசை வாளியோடு வருகிறவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. "ஒருத்தன் நாலு நாளு நின்னு வரைஞ்சதை ஒரு வாளிப் பசையில மூடிருதானுவ" என்பார்.

காப்பி விஷயம்தான் அவர் குடும்பத்தில் முதலில் விழுந்த விரிசல் என்று நினைக்கிறேன். ஊரில் அவர் காப்பி தொட மாட்டார். வீட்டிலும் மோர், அலுவலகத்திலும் மோர். கடைக்குக் கூப்பிட்டால், "நம்மூருல காப்பின்னா பேச்சு. குடிச்சு முடிக்கதுக்குள்ள நாலு பேரு வந்து உக்காந்துருவான்" என்பார். மெட்ராஸில் மட்டும் மூன்று வேளையும் காப்பி. பார்த்துவிட்டு வந்தால் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பியை முக்கால் மணி நேரம் குடிக்க வேண்டுமாம். பார்த்தது அப்போதுதான் உள்ளே இறங்குமாம். இதையும் அவர் மறைக்கவில்லை. மனைவியிடமே சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாளை நான் மதினி என்பேன். ஒருநாள் வீட்டுக்குக் கோப்பு கொண்டுபோனபோது கதவோரம் நின்று சொன்னாள். "நான் வாக்கப்பட்டு இருபத்தாறு வருசம் ஆச்சு தம்பி. எங் கையால ஒரு வாய் காப்பி குடிச்சது கெடையாது. அங்கன போயி மூணு வேளையும் குடிக்காவளாம். அவியளே சொல்லுதாவ. யாரு கையால குடிக்காவங்கதை மட்டும் சொல்ல மாட்டேங்காவ."

ஓட்டல் சர்வர் கையால் என்று அவர் சொல்லியிருப்பார். அதை யார் பதிலாக எடுத்துக்கொள்வார்கள்?

மகளுக்குச் சிவகிரியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு உரம் விற்கும் கடை, தோட்டம், ஒரே பையன். அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பையன் பார்க்க வந்துபோன பிறகு அவள் ரேடியோவோடு சேர்ந்து பாடுவதாக மதினி வெட்கத்தோடு சொன்னாள், தனக்கே வரன் வந்தது போல.

இந்த மாதிரிச் சம்பந்தங்களில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் என்ன விசாரித்தாலும் கடைசியில் வந்து நிற்பது பெண்ணின் தாய்மாமன் முன்னால்தான். வீட்டைப் பற்றித் தாய்மாமன் வாய்திறந்து 'ஒரு குறையும் இல்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். பிற்பாடு குறை வந்தால் அது அவர் தலையில். சொல்லவில்லையென்றால், அவர் குறை எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

தாய்மாமன் திருவேங்கடத்துக்காரர். கரிசலில் பருத்தி, மிளகாய், புல்லட் வண்டி. மச்சினர் என்றே சொல்கிறேன். கெட்டவர் இல்லை. பொய் சொல்ல அஞ்சுகிறவர். அதுதான் எல்லோருக்கும் வினையாயிற்று. ஒரு சாயங்காலம் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"வே, நான் சிவகிரிக்காரங்களுக்கு வாக்குக் குடுக்கணும். அத்தானைப் பத்தி ஊரு ஒண்ணு சொல்லுது. அத்தான் ஒண்ணு சொல்லுதாரு. நான் எதைச் சொல்ல?"

"அவரு பொய் சொல்ல மாட்டாரு."

"அது எனக்கும் தெரியும். ஆனா சுவத்தையும் சித்திரத்தையும் பாக்க ஒருத்தன் ரயிலேறிப் போவாங்கதை நான் எப்படி வே நம்ப? அடுத்த வாரம் போறாரு. நீரும் பின்னாலயே போயி, ரெண்டு நாளும் கண்ணை எடுக்காம பாத்துட்டு வந்து சொல்லும். ஒண்ணுமில்லைன்னு நீரு சொல்லிட்டா, நான் மறு பேச்சு இல்லாம வாக்குக் குடுத்துருதேன். எம் மருமவ கலியாணம் உம்ம கையிலதான் இருக்கு."

போகவர ரயில் சார்ஜும் அவரே தந்தார். உளவு என்பது கேவலம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நிறைய வாசிக்கிறவன் என்று எனக்கு அப்போதே ஒரு பெயர் உண்டு. வாசித்த எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. மெட்ராஸை ஓசியில் பார்க்கலாம் என்பதுதான் வந்தது.

விடுப்புக் கடிதம் எழுதினேன். வயிற்றுப்போக்கு. தலைமை எழுத்தர் என்ற முறையில் அது அவர் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். வாசித்துப் பார்த்து, என்னையும் ஒரு பார்வை பார்த்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். "மோரு குடி தம்பி" என்றார்.

மெயிலில் அவர் நடுவில் ஒரு பெட்டி, நான் கடைசிப் பெட்டி. வெள்ளிக்கிழமை காலை எழும்பூர். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஒன்பதரைக்கெல்லாம் லாட்ஜிலிருந்து நடந்தே ஒரு சிவப்புக் கட்டடத்துக்குப் போனார். உள்ளே சுவரெல்லாம் சித்திரம். ராணிகள், தேவதைகள், இடுப்பில் குடத்தோடு பெண்கள். அவர்களில் ஒருத்தியையும் திரும்பிப் பார்க்காமல் கடைசி அறைக்குப் போய் ஒரு சித்திரத்தின் முன்னால் நின்றார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் நகர்ந்தபிறகு போய்ப் பார்த்தேன். மழைக்கு முன்னால் இருட்டிக்கொண்டு வரும் வானம். வெட்டவெளி. நடுவில் நுகத்தடி தரையில் ஊன்றிய ஒரு மாட்டுவண்டி. மாடு இல்லை. ஆள் இல்லை. பெண் இல்லவே இல்லை. இதைத் திருவேங்கடம் போனால் மச்சினர் தோட்டத்திலேயே பார்த்திருக்கலாம், மாட்டோடு. இதற்கு முன்னால் அவர் நின்றது ஒரு மணி பத்து நிமிஷம். அலுவலகத்தில் என்னை அப்படி ஒரு மணி நேரம் யாராவது கவனித்திருந்தால் நான் உருப்பட்டிருப்பேன்.

பிறகு காப்பி. உயரமான கூரை போட்ட ஓட்டல், மூலை மேஜை, டபரா. வாயில் வைப்பார், வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. நாலு நாள் பட்டினிக்குப் பிறகு சாப்பிட்டு எழுந்தவர் முகம்.

மத்தியானம் பெரிய சாலையில் ஒரு சினிமா தியேட்டர். எதிர்ச் சாரியில் கடையோரப் பந்தலில் போய் நின்றுகொண்டார். தியேட்டர் முகப்பில் மூங்கில் சாரம் கட்டி, புதுப் படத்துக்கு ஆளுயரத்துக்கு நாலு மடங்கில் ஒரு கதாநாயகியை வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கட்டம் போட்ட சின்னப் போட்டோவை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒரு கண்ணை வரைந்தான். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு கண் முடியவில்லை. இவரும் நகரவில்லை. என் கால் மரத்து, முதுகு மரத்து, கடைசியில் வெட்கமும் மரத்துவிட்டது.

சனிக்கிழமை காலை திரும்பவும் சிவப்புக் கட்டடம். திரும்பவும் அதே மாடில்லாத வண்டி. திரும்பவும் காப்பி. திரும்பவும் அதே தியேட்டருக்கு எதிர்ச் சாரி. மணி இரண்டரை. வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. தியேட்டர் வாசலில் 'குளிரூட்டப்பட்டது' என்று பலகை. நான் பிறந்ததிலிருந்து குளிரூட்டப்பட்ட எதற்குள்ளும் போனதில்லை. நம் ஆள் எங்கேயும் போகப்போவதில்லை, இன்னொரு கண் பாக்கியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். படம் கண்றாவி. குளிருக்காகக் கடைசிவரை இருந்தேன். ஐந்தரை மணிக்கு வெளியே வந்தால் எதிர்ச் சாரியில் அவர் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். காப்பி ஓட்டலின் மூலை மேஜையில் இருந்தார். அன்று இரவு மெயிலுக்கே திரும்பிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினர் வந்தார். எல்லாம் சொன்னேன். சித்திரத்தில் பெண்ணே இல்லை என்பதை முதலில் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். போகிற போக்கில்தான் கேட்டார்.

"ரெண்டு நாளும் கண்ணை எடுக்கலைல்லா?"

அந்த இடத்தில் 'இல்லை' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். 'நீங்கள் தந்த காசில் போய் சினிமா பார்த்தேன்' என்று ஓர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் நடுவில் ஒன்றைச் சொன்னேன்.

"நேத்து மத்தியானம் மட்டும் ஒரு மூணு மணி நேரம்... கூட்டத்துல நழுவிட்டாரு."

நழுவிட்டாரு. அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் வாக்கியம் எழுதிவிட்டேன், அச்சில் பார்த்து மகிழ்ந்தும்விட்டேன். அந்த ஒரு வார்த்தை செய்த வேலையை வேறு எதுவும் செய்ததில்லை.

மச்சினர் மெதுவாக உட்கார்ந்தார். "மூணு மணி நேரம்" என்றார். தோளில் போட்ட துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போதுமே வே" என்றார்.

மறுநாள் சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். முன்னறையில் நாற்காலியில் அவர். கதவுக்குப் பின்னால் மதினி. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மகள் செம்பை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"அத்தான், மருமவ காரியம். நான் ஒளிச்சுப் பேசல. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரையில இருந்து அஞ்சரை வரைக்கும் எங்கன இருந்தீக?"

"தியேட்டருக்கு எதுத்தாப்புல நின்னேன், மாப்ளே. பேனர் வரையுறதைப் பாத்துக்கிட்டு."

"மூணு மணி நேரமா?"

"கண்ணு வரைஞ்சான். நேரம் ஆவும்லா."

மச்சினர் பெருமூச்சு விட்டார். "அம்மன் சன்னதியில வந்து சூடம் அணைச்சு இதைச் சொல்லுங்க. நான் இப்பமே சிவகிரிக்குப் போயி வாக்குக் குடுக்கேன்."

"லீவு லெட்டருலயே எழுதிக் குடுத்துருக்கேனே மாப்ளே. கையெழுத்தும் போட்டுருக்கேன். அதுக்கு மேல சூடம் எதுக்கு?"

சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறவர் குற்றவாளி. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. கதவுக்குப் பின்னால் மதினி மூக்கை உறிஞ்சினாள். அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. கோப்பில் ஒரு விவரம் கேட்பதுபோல் கேட்டார்.

"நீங்க அனுப்பின ஆளு இந்தாதான இருக்காரு. அவரைக் கேளுங்க. அந்த மூணு மணி நேரமும் நான் நின்ன எடத்துக்கு நேர் எதுத்தாப்புலதான் இருந்தாரு. சொல்லு தம்பி."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ஒரு தடவை மட்டும் நிஜமாகவே. நான் டிக்கெட் எடுத்து உள்ளே போனதை அவர் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தூணுக்குப் பின்னால் நின்றதிலிருந்தே பார்த்திருக்கிறார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இமைக்காமல், நான் வாய் திறக்கக் காத்திருந்தாள். இன்றைக்கு ஊர் சிரிக்க எழுதித் தின்கிறவன் நான். அன்றைக்கு அந்த நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களே என்று பயந்தேன். துப்பறியப் போனவன் குளிருக்காக சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான் என்று.

"நான் பாக்கலை அண்ணாச்சி" என்றேன்.

அதுவும் உண்மைதான் என்று அப்போது எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

மச்சினர் எழுந்தார். "எதுத்தாப்புல இருந்தவரே பாக்கலைங்காரு" என்றார்.

சிவகிரிக்காரர்கள் வந்தபோது மச்சினர் பொய் சொல்லவில்லை. "பிள்ளை தங்கம். மத்ததைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல" என்றார். அவர்கள் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த வேளையில், நான் அவர் மேஜைக்குப் போனேன். "அண்ணாச்சி, நான் தியேட்டருக்குள்ள போனதை நீங்களே சொல்லியிருக்கலாம்லா?"

பேனாவை மூடி வைத்தார். "நான் சொன்னா அது என் பதிலு தம்பி. நீ சொன்னாத்தான் சாட்சி."

திட்டியிருந்தால் நான் அன்று சாயங்காலமே மச்சினர் காலில் போய் விழுந்திருப்பேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்திருக்க மாட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்புறம் அந்தப் பெண்ணைக் குருவிகுளம் பக்கம் மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சொல்லிக்கொள்ள எனக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

அவர் அதற்குப் பிறகு மெட்ராஸ் போகவில்லை. வருஷத்துக்கு வருஷம் அவருடைய தற்செயல் விடுப்பு எடுக்காமலே கழிந்தது. போகாமல் நின்றால் பேர் சுத்தமாகும் என்று அவர் எண்ணவில்லை என்றே நினைக்கிறேன். எண்ணியிருந்தாலும் பலிக்கவில்லை. ஊர் அதற்கும் பொருள் வைத்திருந்தது: அவள் செத்துப்போயிருக்க வேண்டும், இல்லையென்றால் விரட்டிவிட்டிருக்க வேண்டும். ஒருவர் துக்கம் விசாரிப்பதுபோல் அவர் கையைப் பிடித்து, "எல்லாம் விதி அண்ணாச்சி" என்றதை நான் பார்த்தேன். அவர் கையை உருவிக்கொண்டு, பாதியில் நின்றிருந்த அலுவலகக் கடிதத்தின் அடுத்த வரியை எழுதினார்.

மோவாயும் இறங்கிவிட்டது. தேர்தல் வந்தது. ஏணிமேல் இருந்தவன் அவனாகவே கூப்பிட்டான், "அண்ணாச்சி, இதைப் பாத்துட்டுப் போங்க." அவர் சைக்கிள்களுக்கு இடையில் ஒன்றையும் சாய்க்காமல் வளைந்து வளைந்து நடந்து போனார்.

ஓய்வு பெற்று நாலு வருஷத்தில், எண்பதுகளின் கடைசியில், ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை நான் போனபோது பாடை கட்டித் தயாராக இருந்தது. சங்கு ஊதுகிறவன் ஊதுவதா நிறுத்துவதா என்று திண்டாடிக்கொண்டிருந்தான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மகளும் மருமகனும் குருவிகுளத்திலிருந்து விடியும்போதே வந்துவிட்டார்கள். வேறு வர வேண்டியவர்கள் யார் என்று மச்சினரைக் கேட்டேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அக்காதான் நிறுத்தி வைக்கச் சொல்லுதா. மெட்ராஸ் மெயிலு லேட்டாம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் பெஞ்சுகளில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் எதற்காக என்று தெரிந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே போனேன். மதினி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள்.

"பேப்பருல போடச் சொன்னேன் தம்பி, எந் தம்பிக்காரன் கேக்கல. எப்படியாது தெரிஞ்சிருக்கும்" என்றாள் மதினி. "வந்தா வரட்டும். அவளும் எத்தனையோ வருசம் காப்பி போட்டுக் குடுத்தவதான. மொகத்தைப் பாக்காம அனுப்பிட்டோம்னு பாவம் நமக்கு வேண்டாம்."

பக்கத்தில் ஒரு பாய் காலியாக விரித்துக் கிடந்தது.

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். பதினாலு வருஷம். மகளுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். "மதினி, அப்படி யாருமே கெடையாது. அந்த மூணு மணி நேரம் நான் தியேட்டருக்குள்ள உக்காந்து சினிமா பாத்தேன். அவரு வெளிய அதே எடத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. நான்தான் அன்னைக்கு வாய மூடிக்கிட்டேன். தப்பு என் மேலதான்."

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் வசவு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அடி இருக்கும் என்றுகூட.

"ஒங்களுக்கு ரொம்ப நல்ல மனசு தம்பி" என்றாள். "செத்த பொறவும் அவியளை விட்டுக் குடுக்காம பேசுதீக. அன்னைக்கும் அப்படித்தான், 'நான் பாக்கலை'ன்னு சொல்லி மறைச்சிட்டீக. எனக்கு அப்பமே தெரியும்."

மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவின் கால் பெருவிரல்களைக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அன்றைக்குச் செம்போடு நின்று என்னைப் பார்த்த அந்தக் கண்களை அவள் தூக்கவே இல்லை.

பதினொன்றரைக்கு ரயில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டேஷன் பக்கமிருந்து இரண்டு குதிரை வண்டிகள் வந்து, தெருமுனையில் நிற்காமல் கோயில் பக்கமாகப் போயின. மச்சினர் வாசலில் நின்று இன்னும் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

"யாரும் வரலக்கா."

"வெக்கப்பட்டு நின்னுருப்பா" என்றாள் மதினி. பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, எடுக்கச் சொன்னாள்.